ஞாயிறு இணைப்பில் வந்த அந்த ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், சர்க்கரைக்கும் உடல் எடைக்கும் மரமஞ்சள் சாரம் நல்லது என்று முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. ‘பெர்பெரின்’ என்ற பெயரில் ஆன்லைனில் கேப்சூலாகவே கிடைக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அதோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. பெர்பெரின் சர்க்கரையை ஓரளவு குறைக்கிறது என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கத்தான் செய்கின்றன. கடைசிப் பத்தியில் இருந்த ஒரு வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது: மூலிகை என்பதால் பக்கவிளைவு கிடையாது, இதய நோயாளிகளும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்ற வரி. அதன் முதல் பாதியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய்விட்டது. இரண்டாம் பாதியை அப்படி விட்டுவிட முடியவில்லை.

நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனைகளில் இ.சி.ஜி. எடுக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். நெஞ்சில் ஜெல்லி தடவி, ரப்பர் கப்புகளை ஒட்டி, கை கால்களில் கிளிப் மாட்டி, ‘மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க, சும்மா படுங்க’ என்று சொல்லிச் சொல்லியே காலம் போனது. தாளில் வருவதைப் படித்து முடிவு சொல்வது டாக்டர் வேலை. ஆனால் எந்தத் தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போகலாம், எதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்பது இ.சி.ஜி. எடுக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படி ஓட வேண்டிய தாள்களில் ஒரு வகை, பார்வைக்கு ரொம்பச் சாதுவாக இருக்கும். துடிப்பு சீராகவே இருக்கும், நோயாளியும் பேசிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு வரும் டி அலை மட்டும் தள்ளிப்போய், தாமதமாக வந்து இறங்கும். தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது. ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி. துடிப்பு தொடங்கும் புள்ளியிலிருந்து டி அலை இறங்கி முடியும் இடம் வரைக்கும் கட்டங்களை எண்ணினால் அதுதான் க்யூடி இடைவெளி. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இருக்கும் தூரத்தில் அது பாதியைத் தாண்டினால் டாக்டரிடம் காட்டு என்பது வார்டில் எங்களுக்குச் சொல்லித்தந்த கணக்கு. துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திப் பார்த்தால் ஆண்களுக்கு 450 மில்லி நொடி, பெண்களுக்கு 460-க்கு மேல் போனாலே நீளம்தான். 500 தாண்டினால் எந்த டாக்டரும் நாற்காலியில் சாய்ந்து உட்கார மாட்டார். பெண்களுக்கு இயல்பிலேயே இந்த இடைவெளி சற்று நீளம், துடிப்பு தாறுமாறாகும் ஆபத்தும் கூடுதல். எடை குறைக்கும் கேப்சூல்களை அதிகம் வாங்குகிறவர்கள் யார் என்பதைத் தங்கள் விளம்பரப் பிரிவைக் கேட்டாலே சொல்வார்கள்.

அந்த இடைவெளி ஏன் நீள்கிறது என்பதில்தான் செடி கொடிகளின் கதை வருகிறது. இதயத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் துடிப்பின்போது முதலில் சோடியம் உள்ளே பாயும், பிறகு கால்சியம் வரும், கடைசியில் பொட்டாசியம் வெளியேறும். பொட்டாசியம் வெளியேறினால்தான் செல் பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த துடிப்புக்குத் தயாராகும். டவுன் பஸ்ஸில் பின்படியில் ஒருவர் மூட்டையோடு நின்றுகொண்டால் இறங்க வேண்டியவர்கள் இறங்க முடியாமல் வண்டி நிறுத்தத்திலேயே நிற்குமே, அந்த நிலைமைதான் பொட்டாசியம் வாசல் அடைபட்டால் செல்லுக்கு. அந்த வாசல்களில் முக்கியமான ஒன்றுக்கு ஹெர்க் என்று பெயர். (ஈத்தர் மயக்கத்தில் கால்களை உதறி ஆடிய பழ ஈயிலிருந்து, அந்தக் காலத்து கோ-கோ நடனத்தை நினைத்து வைத்த பெயர் அது. விஞ்ஞானிகளுக்கும் குறும்பு உண்டு.) இந்த வாசலின் உட்புறம் கொஞ்சம் விசாலமானது. வளையம் வளையமான மூலக்கூறுகள் போய் ஒட்டிக்கொள்ளத் தோதான சுவர் அதற்கு. பூச்சிகளும் விலங்குகளும் தங்களைத் தின்னாமலிருக்கச் செடிகள் உண்டாக்கும் ஆல்கலாய்டுகளில் பல அந்த வடிவத்தில்தான் இருக்கின்றன.

தாங்கள் புகழ்ந்த பெர்பெரினும் அவற்றில் ஒன்று. ஹெர்க் வாசலை அது அடைக்கிறது என்பதும், செல்லின் மேற்பரப்புக்கு வந்து சேரும் வாசல்களின் எண்ணிக்கையையே குறைக்கிறது என்பதும் ஆய்வுக்கூடத்தில் பார்த்து எழுதப்பட்டவை. அபினியில் இருக்கும் பாப்பாவரினுக்கும் அந்தக் குணம் உண்டு. சர்ப்பகந்தா வேரிலிருந்து 1931-ல் சலீமுஸ்ஸமான் சித்திக்கி பிரித்தெடுத்து, தன்னை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரை வைத்தாரே அஜ்மலின், அது முக்கியமாகச் சோடியம் வாசலை அடைப்பது என்றாலும் ஹெர்க்கையும் விட்டுவைப்பதில்லை. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டு இபோகா வேரில் உள்ள இபோகைனைப் போதைப் பழக்கம் விடுவதற்கென்று எடுத்துக்கொண்டு, இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்தவர்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டு மேஜையில் இருக்கும் கிரேப்ஃப்ரூட் பழத்தைக்கூடச் சேர்த்துக்கொள்ளலாம். அதன் சாற்றை ஒரு லிட்டர் குடித்த ஆரோக்கியமானவர்களுக்கே க்யூடி லேசாக நீண்டதை ஜெர்மனி ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்டார்கள். லேசாகத்தான். பழம் சாப்பிடுகிற யாரும் பயப்பட வேண்டியதில்லை.

எனக்கு இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. சின்ன வயதிலிருந்து தெரிந்த மரம் ஒன்று உண்டு. எங்கள் அப்பா நீலகிரி மலை நடுவட்டத்தில் அரசு சிங்கோனா மரத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1860-களில் தென்னமெரிக்காவிலிருந்து கிளெமென்ட்ஸ் மார்க்கம் கொண்டுவந்த கன்றுகளையும் விதைகளையும் ஊட்டியில் மெக்கைவர் வளர்த்தெடுத்து, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டமாக்கினார். பட்டையைக் கீற்றாக உரித்துவிட்டு, உரித்த இடத்தில் பாசியை வைத்துக் கட்டினால் புதுப்பட்டை வரும், அதில் மருந்துச் சத்து முன்னைவிட அதிகம் இருக்கும் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். அந்தப் பட்டையிலிருந்து எடுத்த மலேரியா மருந்தான கொயினாவை, அதாவது குயினைனை, பொட்டலம் போட்டுத் தபால் ஆபீசில் விற்ற காலம் ஒன்று இருந்தது. ஜாவா தீவு 1942-ல் ஜப்பான் கைக்குப் போனதும் உலகத்துக்கே கொயினா பஞ்சம் வந்து, எங்கள் மலைப் பட்டைக்கு மவுசு கூடியது. பிறகு குளோரோகுயின் வந்தது, சிங்கோனா போனது, மலையெல்லாம் தேயிலை ஆனது. பட்டையை வாயில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அரை நாள் நாக்கை விட்டுப் போகாத கசப்பு.

அந்தப் பட்டையில் நான்கு முக்கிய ஆல்கலாய்டுகள் உண்டு: குயினைன், குயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின். எது காய்ச்சலுக்கு நல்லது என்று பார்க்க 1866-ல் மெட்ராஸ் மாகாணத்திலேயே ஒரு கமிஷன் போட்டு, ஆயிரக்கணக்கான மலேரியா நோயாளிகளுக்கு நான்கையும் கொடுத்துப் பார்த்தார்கள். நான்குமே கேட்டன. இவ்வளவு பெரிய சோதனை அந்தக் காலத்தில் இங்கே நடந்திருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை, போகட்டும்.

1912-ல் வெங்கெபாக் என்ற டச்சு இதய மருத்துவரிடம் ஒரு வியாபாரி வந்தார். நாடித்துடிப்பு ஒழுங்கில்லை. அதைச் சரிசெய்ய வழியில்லை என்று டாக்டர் சொல்ல, ‘என்னால் முடியும், நாளைக் காலையில் பாருங்கள்’ என்று வியாபாரி சவால் விட்டார். மறுநாள் வந்தபோது நாடி சீராக ஓடிக்கொண்டிருந்தது. மலேரியா நாட்டில் இருந்தபோது பழகிய கொயினாவை ஒரு கிராம் போட்டுக்கொண்டு வந்திருந்தார்! வெங்கெபாக் அதை 1914-ல் எழுதினார். 1918-ல் ஃப்ரே என்ற மருத்துவர், அந்த நான்கு ஆல்கலாய்டுகளில் இதயத்தின் மீது அதிக வேகம் காட்டுவது குயினிடின் என்று கண்டார். அதற்குப் பிறகு உலகம் முழுக்க இதய வார்டுகளில் குயினிடின்தான்.

இடையிடையே ஒரு விநோதம் நடந்துகொண்டிருந்தது. குயினிடின் ஆரம்பித்த சிலர் திடீரென்று மயங்கி விழுந்தார்கள், சிலர் எழவில்லை. குயினிடின் மயக்கம் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். 1960-களில் அந்த நேரத்து இ.சி.ஜி.யைப் பிடித்துப் பார்த்தபோதுதான், க்யூடி நீண்டு, இதயத்தின் கீழறைகள் கட்டுக்கடங்காமல் துடித்ததால் வந்த மயக்கம் என்று தெரிந்தது. 1966-ல் பாரிஸில் தெசர்தென் என்பவர் அந்த வகைத் துடிப்பை விவரித்தார். அலைகளின் முனைகள் நடுக்கோட்டைச் சுற்றி முறுக்கிக்கொண்டே போகும், ஒருமுறை பார்த்தால் மறக்காது. 1990-ல் ஆறு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். குயினிடின் நாடியைச் சீராக வைத்திருந்தது உண்மை. ஆனால் எடுத்துக்கொண்டவர்களில் இறந்தவர்கள் 2.9 சதவீதம், எடுக்காதவர்களில் 0.8 சதவீதம். நாடியைச் சீராக்கியதும் ஆளைச் சாய்த்ததும் ஒரே பட்டை, அடைத்ததும் அதே பொட்டாசியம் வாசல்.

இந்த இடத்தில் ‘அளவுக்கு மிஞ்சினால்’ என்று யாராவது பழமொழியை எடுப்பார்கள். குயினிடினிடம் அந்தப் பழமொழி பலிக்கவில்லை. மயங்கி விழுந்தவர்களில் பலர் டாக்டர் எழுதிய அளவில், சிலர் அதற்கும் குறைவான அளவில், மருந்து தொடங்கிய முதல் சில நாட்களிலேயே விழுந்தார்கள். எவ்வளவு எடுத்தோம் என்பது மட்டும் கணக்கில்லை. உடம்பில் அப்போது பொட்டாசியம் எவ்வளவு, கூட வேறென்ன மாத்திரை, நாடி எவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் கணக்கு.

நான் வேலையில் இருந்தபோது ஒடிசா பக்கம் போய்த் திரும்பிய லாரி டிரைவர் ஒருவர் கடும் மலேரியாவோடு வந்து சேர்ந்தார். அப்போதெல்லாம் குயினைன் டிரிப்தான் வழி. குளுக்கோஸில் கலந்து நான்கு மணி நேரம் மெதுவாக ஏற்றி, எட்டு மணிக்கொரு முறை திரும்பப் போடுவார்கள். ஏற்றும் முன்னால் ஒரு இ.சி.ஜி., நடுவில் ஒன்று, முடிந்த பின் ஒன்று. தாள்களை வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது டி அலை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் நகர்வது சாதாரணக் கண்ணுக்கே தெரிந்தது. டாக்டர் டிரிப் வேகத்தைக் குறைத்தார், பொட்டாசியத்துக்கும் சர்க்கரைக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். அந்த மனிதர் காதுக்குள் வண்டு ரீங்காரம் போடுகிறது என்று புலம்பிக்கொண்டே குணமாகி, எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார். பிழைக்க வைத்தது கொயினாதான், அதில் சந்தேகமே இல்லை. பக்கவிளைவே கிடையாது என்று நினைத்திருந்தால் அந்த டாக்டர் மூன்று இ.சி.ஜி. எடுக்கச் சொல்லியிருப்பாரா?

இப்போது மரமஞ்சள் கேப்சூலுக்கு வருகிறேன். நியாயமாகச் சொன்னால், வாய் வழியாக எடுக்கும் பெர்பெரின் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. நல்ல இதயத்தோடு, வேறு மாத்திரை எதுவும் எடுக்காத ஒருவருக்கு ஒன்றுமே ஆகாமல் போகலாம். ஆனால் அதே பெர்பெரின், மற்ற மருந்துகளைக் கரைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகள் சிலவற்றை மந்தப்படுத்துகிறது. கேப்சூல் தயாரிப்பவர்கள் உடலில் நன்றாகச் சேரட்டும் என்று மிளகுச் சாரத்தையும் சேர்க்கிறார்கள். அதிலுள்ள பைப்பரினும் அந்த நொதி வேலையில் கை வைக்கும். (ரசத்தில் போடும் மிளகைச் சொல்லவில்லை, யாரும் ரசத்தை நிறுத்திவிடாதீர்கள்.) எனவே ஏற்கெனவே க்யூடியை நீட்டும் மாத்திரை எடுப்பவர்தான் கவனிக்க வேண்டியவர். அந்தப் பட்டியல் சின்னதல்ல: நாடியைச் சீராக்கும் சோட்டலால், அமியோடரோன், தொண்டைக்கும் சளிக்கும் கொடுக்கும் அசித்ரோமைசின், வாந்திக்கான டாம்பெரிடோன், மன அழுத்தத்துக்கான எஸ்சிட்டலோபிராம், மூட்டுவாதத்துக்கான ஹைட்ராக்சிகுளோரோகுயின்.

பொட்டாசியம் குறைந்தால் இந்த அடைப்பு இன்னும் இறுகும். வாந்தி பேதியில் பொட்டாசியம் போகும். கால் வீக்கத்துக்குக் கொடுக்கும் நீர் மாத்திரையில் போகும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் நிலாவாரையை மலச்சிக்கலுக்கென்று நாள்தோறும் போட்டாலும் போகும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து உலகமெல்லாம் ஏற்றுமதியாகும் இலை அது. அதிமதுரத்தை அதிக நாள் சாப்பிட்டால் அதுவும் பொட்டாசியத்தைச் சிறுநீரில் இறக்கிவிடும். இந்த இரண்டும் ஹெர்க் வாசலைத் தொடாதவை. வாசலை அடைப்பவருக்குத் துணை போகிறவை. எடை குறைப்பு கேப்சூல், மலச்சிக்கல் சூரணம், தொண்டைக்கு அதிமதுரம், பி.பி.க்கு நீர் மாத்திரை என்று நான்கும் ஒரே அலமாரியில் இருக்கும் வீடுகள் நம் ஊரில் எத்தனை!

எங்கள் தெருவில் ஒரு அக்கா சோட்டலாலும் நீர் மாத்திரையும் எடுப்பவர். மருமகள் அன்போடு ஆன்லைனில் வரவழைத்துக் கொடுத்த டப்பாவை என்னிடம் காட்டினார். முன்பக்கம் பச்சை இலைப் படம், நூறு சதவீதம் இயற்கை. பின்பக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால் மரமஞ்சள் சாரம் 500 மில்லிகிராம், மிளகுச் சாரம் 5 மில்லிகிராம். இதய நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்கவும் என்று ஒரு எழுத்து இல்லை. ‘டாக்டர்கிட்ட சொன்னீங்களாக்கா?’ என்று கேட்டேன். ‘மருந்து என்ன சாப்பிடறீங்கன்னுதான் கேட்டாரு, இது மருந்தில்லையேம்மா’ என்றார். டப்பாவோடு டாக்டரிடம் அனுப்பினேன். இ.சி.ஜி.யில் க்யூடி எல்லைக்கோட்டில் இருந்தது, பொட்டாசியமும் குறைவு. எதனால் எவ்வளவு என்று டாக்டர் அறுதியிட்டுச் சொல்லவில்லை, கேப்சூலை மட்டும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இங்கிலீஷ் மருந்து மட்டும் யோக்கியமா என்று சிலர் கேட்பார்கள். இல்லைதான். அலர்ஜிக்கு வந்த டெர்ஃபெனடின், நெஞ்செரிச்சலுக்கு வந்த சிசாப்ரைடு இரண்டும் இதே ஹெர்க் வாசலை அடைத்துத்தான் மாட்டிக்கொண்டன. முன்னதை அமெரிக்கச் சந்தையிலிருந்து 1998-ல் எடுத்தார்கள். சிசாப்ரைடு இந்தியாவில் 2011-ல் தடையானது, அங்கே நிறுத்திப் பத்து வருடம் கழித்து! அந்த அடி வாங்கிய பிறகு, 2005 முதல் புது மருந்து எதுவானாலும் ஹெர்க் சோதனை எதிர்பார்க்கப்படுகிறது. ஆயிரம் மடங்கு செறிவாக்கிய செடிச்சாரமாக இருந்தாலும், உணவுச் சத்து என்ற பெயரில் வந்தால் அந்தச் சோதனையை யாரும் கேட்பதில்லை. என் கோபம் அங்கேதான்.

சித்த வைத்தியத்தை நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கவிளைவு இல்லை என்ற பேச்சே வைத்தியர்கள் பேச்சல்ல, விளம்பரக்காரர்கள் பேச்சு. நாவி என்ற நச்சுக் கிழங்கைச் சுத்தி செய்யாமல் எந்த வைத்தியரும் தொட மாட்டார். பத்தியமும் நஞ்சு முறிவும் எதற்காக வந்தன? மருந்துச் சட்ட விதிகளில் இ-1 அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. அதிலுள்ள நாவி போன்ற சரக்குகள் சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்துகளின் டப்பாவில் மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் என்று அச்சிட வேண்டும். ஆன்லைன் கேப்சூலுக்கு இந்தக் கட்டுப்பாடும் இல்லை.

ஆகவே தங்களிடம் கேட்பது இதுதான். இதய நோயாளிகள் தாராளமாக எடுக்கலாம் என்ற வரியைத் திரும்பப் பெறுங்கள். இதயத்துக்கோ மனநலத்துக்கோ மாத்திரை எடுப்பவர்களும், காரணமில்லாமல் மயங்கி விழுந்த அனுபவம் உள்ளவர்களும், குடும்பத்தில் சின்ன வயதில் திடீரென்று இறந்தவர் உள்ளவர்களும் எந்தச் சாரத்தையும் தொடங்கும் முன் டப்பாவைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டி ஒரு இ.சி.ஜி. எடுத்துக்கொள்ளட்டும் என்று போடுங்கள். ஏதாவது சாப்பிட்டு ஒவ்வாமல் போனால் சொல்ல மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. அதையும் சேர்த்து அச்சிடலாம்.

திருத்தம் போடுவதாக இருந்தால் ஞாயிறு இணைப்பிலேயே, கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். செவ்வாய்க்கிழமை எட்டாம் பக்கத்து மூலையில் போட்டால் மரமஞ்சள் கேப்சூலுக்கு ஆர்டர் கொடுத்தவர்கள் கண்ணில் அது படாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இ.சி.ஜி. டெக்னீஷியன்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)